கொடைக்கானலுக்குப் படகு ஏறிய கதை

போன மே மாதம் மகள் குடும்பத்தோடு கொடைக்கானல் போயிருந்தேன். மூட்டுவலிக்குக் குளிர் ஆகாது என்று வீட்டில் சொல்லிப் பார்த்தார்கள். நான் கேட்கவில்லை. ஏரியில் படகு ஏறியதும் பேரன் ஒரு கேள்வி கேட்டான்.

"தாத்தா, கடல் கீழேதானே இருக்கு? இங்க முதல் போட் எப்படி வந்துச்சு?"

"லெவிஞ்ச்னு ஒரு வெள்ளைக்காரர் தூத்துக்குடியில இருந்து கொண்டுவந்தார்டா" என்றேன்.

"அவரே தூக்கிக்கிட்டு வந்தாரா?"

மருமகன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்வியோடுதான் ஊர் திரும்பினேன். அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரை.

இங்கே என் பழைய கட்டுரைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், நான் மதுரையில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் 34 வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன். எந்தச் சாமானைப் பார்த்தாலும் அது எத்தனை கிலோ, எந்த வண்டியில் வந்திருக்கும், யார் ஏற்றியிருப்பார்கள் என்றுதான் புத்தி போகும். அந்தப் புத்தியோடு கொடைக்கானல் வரலாற்றைப் பார்ப்போம்.

1821-இல் வார்டு என்ற ராணுவ அதிகாரி பழனி மலையை அளந்தார். 1845-இல் மதுரை அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள் காய்ச்சலுக்குத் தப்பி மேலே வந்து இரண்டு வீடுகள் கட்டிக்கொண்டார்கள். ஊர் என்று ஒன்று உண்டானது அதிலிருந்துதான். ஆனால் இன்று நாம் சுற்றிவரும் ஏரி அப்போது கிடையாது. ஓடைகள் வந்து சேரும் சதுப்பு நிலம்தான் இருந்தது. மதுரைக் கலெக்டராக இருந்த சர் வெரி ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் தன் சொந்தப் பணத்தைப் போட்டு அங்கே கரை கட்டினார். ஓடைத் தண்ணீர் தேங்கியது. சுமார் 60 ஏக்கரில், நட்சத்திரம் போலக் கைகால் நீட்டிக்கொண்டு ஒரு ஏரி வந்துவிட்டது. அதில் மீன் விட்டார். முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கொடைக்கானலிலேயே குடியிருந்தார். 1885-இல் காலமானார். அவர் பெயரில் அங்கே நினைவுச் சின்னம் நிற்கிறது. ஊருக்கு ஏரி கொடுத்த மனிதர், அந்த மரியாதை தகும்.

கொடைக்கானலைப் பற்றி யார் எழுதினாலும் இந்தச் செய்தி வரும். "தூத்துக்குடியிலிருந்து படகு கொண்டுவந்தார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். புக்கிங் குமாஸ்தாவுக்கு அந்த ஒரு வரி போதாது.

ஏரி நிரம்பிய அந்த ஆண்டுகளில் ரயில் இல்லை. திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் வந்தது 1875-இல். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போனது 1876-இல். இன்று கொடைரோடு என்கிறோமே, அந்த ஸ்டேஷனுக்கு முதலில் அம்மையநாயக்கனூர் என்றுதான் பெயர். மலைக்கு வண்டிச் சாலையும் இல்லை. வத்தலக்குண்டு வழியாக இன்று பஸ் ஏறும் லாஸ் காட் ரோடு, முதல் உலகப் போர்க் காலத்தில்தான் முழுதாகப் போக்குவரத்துக்கு வந்தது. அதற்கு முன்னால் எல்லாரும் எல்லாமும் ஏறியது பெரியகுளம் பக்கத்துக் குதிரைப் பாதையில். கிருஷ்ணம நாயக்கன் தோப்பு என்ற அடிவாரத்தில் மாட்டு வண்டி நின்றுவிடும். அங்கிருந்து ஏறக்குறைய 12 மைல் மலை ஏற்றம், செண்பகனூர் வழியாக. துரைமார் மட்டக் குதிரையில் போவார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் நாற்காலியிலோ டோலியிலோ போவார்கள். அதைத் தூக்க ஆட்கள். மற்றச் சாமான்கள் தலைச்சுமை, காவடிச்சுமை, பொதிமாடு. கொடைக்கானல் பழைய பங்களாக்களின் கண்ணாடி சன்னலும் இரும்புக் கட்டிலும் இப்படி ஏறியவைதான்.

இந்த வழியில் ஒரு படகை அனுப்பச் சொன்னால் நான் எப்படிக் கணக்குப் போடுவேன்?

துடுப்பு போடும் சின்ன மரப் படகு, 14 அடி என்று வைத்துக்கொள்வோம். எடை 250 கிலோவுக்குக் குறையாது. தூத்துக்குடியிலிருந்து மதுரை 85 மைல் சுமார். மதுரையிலிருந்து பெரியகுளம் அடிவாரம் இன்னொரு 50 மைல். பார வண்டி மாடு ஒரு நாளைக்கு 15 மைல் போனால் பெரிது. வெயிலுக்குப் பயந்து ராத்திரியில்தான் ஓட்டுவார்கள். ஆக ஒன்பது, பத்து நாள். மாட்டு வண்டியின் தட்டு 14 அடி இருக்காது. படகு முன்னால் மாட்டின் முதுகுக்கு மேலும் பின்னால் வெளியிலும் நீட்டிக்கொண்டு நிற்கும். முன்பாரம் ஏறினால் மாட்டின் கழுத்து போகும். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கும். நடுவில் நிறுத்திக் கட்டத் தெரிந்த வண்டிக்காரன் வேண்டும்.

பிறகு மலை. வளைவுக்கு வளைவு திரும்பும் பாதையில் 14 அடிப் படகு. சமதரையில் ஒரு ஆள் 40 கிலோ தூக்குவான். ஏற்றத்தில், தோளில் கழி போட்டு, அடுத்தவன் அடிக்கு அடி வைத்து நடக்கும்போது ஒரு ஆளுக்கு 20 கிலோதான் கணக்கு. 250 கிலோவுக்கு 12, 13 பேர். மாற்றுத் தோளுக்கு இன்னொரு பங்கு ஆட்கள். முன்னால் போய்க் கிளை வெட்ட, கல் ஒதுக்க ஓரிருவர். ஆக ஒரு உல்லாசப் படகுக்கு 25 பேருக்கு மேல், குறைந்தது இரண்டு நாள். இது என் தொழில் கணக்கு, பதிவேட்டுக் கணக்கு இல்லை. ஆனால் தொழில் தெரிந்த யார் போட்டாலும் இதற்குப் பக்கத்தில்தான் வரும்.

அதே காலத்தில் ஐரோப்பாவில் நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். 1865-இல் ஜான் மக்ரெகர் என்ற ஸ்காட்லாந்து வக்கீல் 'ராப் ராய்' என்று பெயர் வைத்த ஒற்றை ஆள் படகில் ஐரோப்பிய ஆறுகளையும் ஏரிகளையும் சுற்றினார். ஒரு ஆற்றிலிருந்து இன்னொரு ஆற்றுக்கு ரயிலிலும் மாட்டு வண்டியிலும் படகை ஏற்றிக்கொண்டு போனார். அடுத்த ஆண்டு அதைப் புத்தகமாக எழுதினார். படகின் நீளம் 15 அடி, எடை 80 பவுண்டு, நம் கணக்கில் 36 கிலோ. ஏன் 15 அடி தெரியுமா? ஜெர்மன் ரயில் வண்டிக்குள் நுழையவேண்டும் என்று அளந்து செய்த நீளம் அது! முதலில் வண்டியை அளந்துவிட்டு அப்புறம் படகைச் செய்தார். அந்த மனிதர் எங்கள் ஆபீசுக்கு வந்திருந்தால் எழுந்து நின்று வணக்கம் சொல்லியிருப்பேன். பார்ட்டிகள் பெரும்பாலும் சாமானைச் செய்து முடித்துவிட்டு, "இது உங்க வண்டியில போகுமா?" என்று கேட்பவர்கள்தான்.

எனக்கு வந்த பார்ட்டியும் அப்படித்தான். 1986-ஆம் வருஷம், ஆடி மாதம். கொடைக்கானலில் பங்களா வைத்திருந்த ஒருவர், தூத்துக்குடியில் ஒரு மரப்படகு செய்யச் சொல்லியிருந்தார். கணக்காக 14 அடிப் படகு. மேலே கூறிய கணக்கெல்லாம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். "எவ்வளவு ஆனாலும் சரி, ஒரு கீறல் விழக்கூடாது, கூடவே ஒரு ஆள் வரணும்" என்றார். மேனேஜர் என்னை அனுப்பினார்.

படகு ஒன்றுக்காக முழு லாரி பிடித்தால் வாடகை கட்டாது. பார்ட் லோடில் போட்டால் மேலே வேறு சாமானை ஏற்றி நசுக்கிவிடுவார்கள். இரண்டு நாள் யோசித்தேன். தூத்துக்குடியிலிருந்து மலைக்கு எப்போதும் போகிற சரக்கு எது? உப்பு. திரும்பும்போது பூண்டும் உருளைக்கிழங்கும் பேரிக்காயும் கிடைக்கும். கொடைக்கானல் பஜாருக்கு உப்பு ஏற்றும் ஒரு லாரியைப் பிடித்து, பத்து மூட்டை குறைத்து ஏற்றச் சொல்லி, உப்பு மூட்டைக்கு மேல் படகை வைப்பது என்று முடிவு செய்தேன்.

படகு செய்த ஆசாரியிடம் இதைச் சொன்னபோது அவர் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

"நல்ல ரோசனைதான் அண்ணாச்சி. மூட்டை மெத்த மாரி இருக்கும். ரெண்டு வரிசைக்கும் நடுவுல பள்ளம் விடச் சொல்லுங்க. ஏரா அதுக்குள்ள உக்காந்துரும். ஆனா ஒண்ணு. இது மரம். காயவிட்டா பலகை சுருங்கி வாய் பொளந்துரும். ஈரச் சாக்கு போட்டுக்கிட்டே போங்க. மேல போனதும் ஒடனே ஆளு ஏறக்கூடாது. ரெண்டு நாள் தண்ணியில ஊறப் போடணும். பலகை ஊறி ஒண்ணோட ஒண்ணு இறுகணும்."

அதைக் கேட்டபோதே எனக்கு அந்தப் பழைய படகின் நினைப்பு வந்தது. பத்து நாள் வெயிலில் மாட்டு வண்டியில் வந்ததே, அதற்கும் யாராவது வழிநெடுக ஈரச் சாக்கு போட்டிருக்க வேண்டும்.

சாயங்காலம் நான்கு மணிக்குக் கிளம்பினோம். கயிறு மரத்தை அறுக்காமல் இருக்கப் பழைய டியூபை வெட்டி அடியில் கொடுத்தோம். எட்டயபுரம், அருப்புக்கோட்டை, மதுரை. ஒவ்வொரு இடத்திலும் வண்டியை நிறுத்திச் சாக்கை நனைத்தேன். செக்போஸ்டில் இருந்தவர் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, "மலைக்கா படகு? வெள்ளம் வருதுன்னு சேதி வந்துச்சா?" என்றார். வத்தலக்குண்டில் டீ குடித்து, கொஞ்சம் கண் அசந்து, நாலு மணிக்கு மலை ஏறினோம். டம்டம் பாறை தாண்டும்போது விடிந்தது. ஒவ்வொரு வளைவிலும் நான் தலையை வெளியே நீட்டிப் படகைப் பார்த்தேன். டிரைவர், "அண்ணே, நீங்க பாக்கிற பார்வையிலயே கீறல் விழுந்துரும்" என்றார். ஊத்து, பெருமாள்மலை, வெள்ளி அருவி. எட்டு மணிக்கு ஏரிக்கரை. ஒரு கீறல் இல்லை.

படகு மூட்டைக்கு மேலே இருந்ததால் முதலில் அதை இறக்கிவிட்டுத்தான் பஜாருக்குப் போகவேண்டும். மண்டியிலிருந்து ஆறு பேரைக் கூட்டிவந்தேன். லாரியிலிருந்து இறக்கியது சுலபமாக முடிந்தது. சாலையிலிருந்து தண்ணீருக்கு 60 அடி சரிவு இருந்தது. சாரல் அடித்துக்கொண்டிருந்தது. புல் வழுக்கியது. பாதி தூரத்தில் முன்னால் வலது பக்கம் பிடித்திருந்தவருக்குக் கால் வழுக்கியது. அவர் படகை விடவில்லை. விட்டிருந்தால் படகு சரிந்து உருண்டிருக்கும், அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பிடித்துக்கொண்டே உட்கார்ந்தார். ஏராக்கட்டை அவர் வலது பாதத்தின் மேல் இறங்கியது.

சத்தம்கூடப் போடவில்லை. "மொதல்ல போட்ட எடுங்க" என்றார்.

எடுத்தோம். ஒரு ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இரண்டு விரல் நசுங்கிவிட்டது என்று சாயங்காலம் தெரிந்தது. என் சட்டைப்பையில் இருந்த 100 ரூபாயை அவருடன் போனவரிடம் கொடுத்தேன். படகு தண்ணீரில் கட்டப்பட்டது. பங்களாக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "பிரமாதம்" என்றார். வவுச்சரில் வழக்கம் போல எழுதினேன்: இறக்குக்கூலி, ஆறு பேர். அவ்வளவுதான். மற்ற மூட்டைகளை இறக்கிவிட்டு மதுரைக்கு வந்துவிட்டேன்.

ஆபீசில் மேனேஜரிடம் நஷ்டஈடு பற்றிப் பேசினேன். "இறக்குறது பார்ட்டி பொறுப்பு, ரசீதுலயே இருக்கே" என்றார். உண்மைதான், ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. பங்களாக்காரருக்குக் கடிதம் போட்டேன். ஆளைக் கூட்டிவந்தது உங்கள் ஆபீஸ் என்று பதில் வந்தது. அதுவும் உண்மைதான். தொழிலாளி நஷ்டஈட்டுச் சட்டம் 1923-லிருந்தே இருந்தது. ஆனால் அதற்கு முதலாளி யார் என்று ஒருவர் ஒத்துக்கொள்ள வேண்டும், தொழிலாளி யார் என்று ஒரு பெயர் வேண்டும். விடாமல் நச்சரித்ததில் மேனேஜர் ஒருநாள், "சரிய்யா, ஏதோ ஒரு தொகை தரச் சொல்றேன். பேரு எழுதிக் கொடு" என்றார்.

எழுத என்னிடம் பெயர் இல்லை.

மூன்று மாதம் கழித்து இன்னொரு லோடோடு கொடைக்கானல் போனபோது மண்டியில் விசாரித்தேன். "எந்த ஆளு சார்? பேரு என்ன?" என்று கேட்டார்கள். கால் அடிபட்டவர் என்றேன். "இங்க கால் அடிபடாதவன் யாரு சார்?" என்றார் ஒருவர். கீழ்மலைப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டதாக இன்னொருவர் சொன்னார். அது அவர்தானா, வேறு ஆளா என்று சொல்ல ஒரு பெயர் இல்லை. அந்தத் தொகை வரவேயில்லை.

அந்தப் படகு எத்தனை அடி, எத்தனை அங்குலம், என்ன மரம், லாரி எண் என்ன, உப்பு எத்தனை மூட்டை எல்லாம் இன்றும் எனக்குத் தெரியும். படகைக் காப்பாற்றக் காலைக் கொடுத்தவர் பெயர் தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்க அரை நிமிஷம் போதும்.

அதற்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். நான் எழுதும் ஒவ்வொரு ரசீதின் ஆபீஸ் காப்பியிலும் பின்பக்கம், ஏற்றியவர்கள் இறக்கியவர்கள் பெயரையும் ஊரையும் எழுதுவேன். "இது என்னய்யா, கல்யாணப் பத்திரிகையா?" என்று மேனேஜர் கேலி செய்தார். ஆனால் இரண்டு தடவை அந்தப் பெயர்களை வைத்து அடிபட்டவர்களுக்குப் பணம் வாங்கிக் கொடுக்க முடிந்தது. ஆபீஸ் மூடியபோது அந்தப் புத்தகங்கள் எல்லாம் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போயின. ஒன்றிரண்டையாவது எடுத்து வைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

இனி ஏரிக்குத் திரும்புவோம். லெவிஞ்ச் கட்டிய ஏரியில் 1890-இல் படகு கிளப் ஏற்பட்டது. உறுப்பினர்கள் மட்டுமே படகு விட்டார்கள். 1932-இல்தான் வெளியாருக்கும் படகு கிடைத்தது. அதாவது ஏரி உண்டாகி 69 வருஷம் கழித்து. முதல் படகைத் தோளில் ஏற்றி வந்தவர்களில் யாரும் அதில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்க வாய்ப்பில்லை. அவர்களுடைய பேரன்கள் உட்கார்ந்திருக்கலாம்.

லெவிஞ்சைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவர் பணம் போட்டார், யோசனை அவருடையது. "கொண்டுவந்தார்" என்று எழுதுவது உலக வழக்கம். என் ரசீதிலும் அனுப்புபவர் பெயர், பெறுபவர் பெயர் என்று இரண்டு கட்டம்தான் அச்சடித்திருந்தார்கள். தூக்குபவர் பெயருக்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததால் நானும் எழுதவில்லை. 1860-களில் எழுதியவர்களும் அப்படித்தான் விட்டிருப்பார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

பேரனுக்குப் போன வாரம் போனில் பதில் சொன்னேன். "லெவிஞ்ச் தூக்கலைடா. ஒரு 25 பேர் தூக்கியிருப்பாங்க. பெரியகுளத்துப் பக்கம் இருந்து."

"அவங்க பேரு என்ன தாத்தா?"

"யாரும் எழுதி வைக்கலை."

"நீங்க எழுதலாம்ல?" என்றான். அவனுக்கு ஒன்பது வயசு. 1863-இல் தாத்தா இருந்திருப்பார் என்றே நினைக்கிறான் போல!

பெரியகுளம், கும்பக்கரை, செண்பகனூர்ப் பக்கத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பாட்டன், பூட்டன் அந்தப் பழைய பாதையில் டோலி தூக்கியவர், சுமை தூக்கியவர் என்று யாராவது சொல்லக் கேட்டிருந்தால், அவர் பெயரை எனக்குச் சொல்லுங்கள். படகு தூக்கியவராக இருக்கவேண்டும் என்பதில்லை. பெயரும் ஊரும் போதும். ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.